சுருதி நழுவும் குழாய்: வெப்ப ஒலிக் குளிர்விப்பானில் ஒத்ததிர்வைப் பிடித்து வைப்பது

ஒரு அக்ரிலிக் குழாய், ஒரு முனையில் ஸ்பீக்கர், மறுமுனையில் அடைப்பு, உள்ளே சுருட்டி வைத்த பிளாஸ்டிக் தாள். ஒலியால் குளிர்விக்கும் கருவிக்கு இவ்வளவு போதும். ஒலி அலையில் அமுங்கி விரியும் காற்று, அந்தத் தாள் சுருளின் ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்கு வெப்பத்தைக் கடத்திவிடும். கம்ப்ரெசர் கிடையாது, கேஸ் நிரப்பும் வேலை கிடையாது. இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு இதை எடுக்கிறவர்கள் பெரும்பாலும் அந்தத் தாள் சுருளில்தான் உயிரை விடுகிறார்கள். அதற்குப் பிறகு போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப்பைத் திறந்து, சத்தம் எங்கே பெரிதாகக் கேட்கிறதோ அங்கே அதிர்வெண்ணை நிறுத்திவிட்டு, தெர்மோமீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். முதல் சில நிமிடம் வெப்பநிலை இறங்கும். பிறகு நின்றுவிடும், சில சமயம் திரும்ப ஏறும். சுருளைக் குறை சொல்லி மறுபடி சுற்றுவார்கள்.

பல நேரம் சுருளில் குறையே இருக்காது. கருவி வேலை செய்யச் செய்ய உள்ளே இருக்கும் காற்று சூடாகிறது, குழாயின் ஒத்ததிர்வு, அதாவது குழாய் மிகப் பலமாக அதிரும் அதிர்வெண், நகர்ந்துவிடுகிறது. ஜெனரேட்டரோ பழைய இடத்திலேயே நிற்கிறது.

எவ்வளவு நகர்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயத்தின் கனம் தெரியும். காற்றில் ஒலியின் வேகம் கெல்வின் வெப்பநிலையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 30 டிகிரியில் விநாடிக்கு 349 மீட்டர், 40 டிகிரியில் ஏறத்தாழ 355. 10 டிகிரிக்கு 1.6 சதவீதம். சென்னையில் மே மாதம் அதிகாலைக்கும் மதியத்துக்கும் இடையில் இந்த 10 டிகிரி சாதாரணம். பிற்பகலில் கடற்காற்று ஏறினால் அதே வேகம் திரும்ப இறங்கும். ஏசி அரங்கில் புல்லாங்குழல் வாசிப்பவர் வாத்தியத்தில் ஊதி ஊதிச் சூடேற்றிக்கொண்டே சுருதியைக் காப்பாற்றுவதும் இதே கணக்கால்தான்.

இதற்கு ஒரு உதாரணக் கருவியை எடுத்துக்கொள்வோம். உள்விட்டம் 50 மி.மீ., உள் நீளம் 45 செ.மீ. கொண்ட அக்ரிலிக் குழாய். ஒரு முனையில் 4 அங்குல ஸ்பீக்கர், மறுமுனையில் ஓ-ரிங் போட்ட நகரும் அலுமினிய அடைப்பு. இரு முனையும் மூடியிருப்பதால் இது அரை அலைக் குழாய்; அலைநீளம் குழாயைப்போல இரு மடங்கு, 0.9 மீட்டர். 349-ஐ 0.9-ஆல் வகுத்தால் 388 ஹெர்ட்ஸ் வரும். அளந்து பார்த்தால் அது வராது. ஸ்பீக்கர் கூம்புக்கும் குழாய் வாய்க்கும் நடுவே ஒரு குழி இருக்கிறது. அதன் கொள்ளளவு 60 கன செ.மீ. என்றால், அதைக் குழாயின் பரப்பு 19.6 சதுர செ.மீ.-ஆல் வகுக்க வேண்டும். குழாய் 3 செ.மீ. நீண்ட மாதிரி ஆகிறது. 48 செ.மீ. வைத்துப் போட்டால் 364 ஹெர்ட்ஸ். குழியைக் கணக்கில் சேர்க்காமல் 388-ல் ஓட்டுகிறவர் தொடங்கும்போதே 24 ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கிறார்.

சுருளும் அதிர்வெண்ணை அசைக்கும், ஆனால் எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். தாள் இடத்தை அடைப்பதால் அதிர்வெண் கொஞ்சம் ஏறும். இடுக்கில் இருக்கும் காற்று தாளோடு வெப்பத்தைப் பரிமாறிக்கொண்டே அமுங்குவதால் எளிதில் அமுங்கும், அதனால் கொஞ்சம் இறங்கும். காகிதத்தில் தீர்ப்பதைவிட அளந்துவிடுவதே வேகம்.

இனி கூர்மை. ஒத்ததிர்வு எவ்வளவு கூர்மையானது என்பதை கியூ என்ற எண் சொல்லும். உச்சத்தில் இருக்கும் அழுத்தத்தை அளந்து, அது 71 சதவீதமாகக் குறையும் இரண்டு அதிர்வெண்களைக் கீழேயும் மேலேயும் கண்டுபிடித்து, அவற்றின் இடைவெளியால் உச்ச அதிர்வெண்ணை வகுத்தால் கியூ கிடைக்கும். இந்தக் கருவிக்கு அது 30 என்று வைத்துக்கொண்டால், உச்சத்திலிருந்து 6 ஹெர்ட்ஸ் விலகினாலே ஒலித் திறன் பாதியாகிவிடும். சுருள் கடத்தும் வெப்பம் அழுத்த அலைவீச்சின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால் குளிர்ச்சியும் பாதி. 364-ல் 1.6 சதவீதமும் அதே 6 ஹெர்ட்ஸ்தான். அதாவது உள்ளே இருக்கும் காற்று சராசரியாக 10 டிகிரி சூடானால், யாரும் எதையும் தொடாமலே பாதிக் குளிர்ச்சி போய்விடுகிறது. குழாயை நன்றாக மூடி, இழப்பைக் குறைத்து, கியூவை 60-க்கு ஏற்றினால் நிலைமை இன்னும் மோசம்: 5 டிகிரியே போதும். கருவியை எவ்வளவு நன்றாகச் செய்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் சுருதி நழுவும்.

சுருளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்வோம்

காற்றில் ஒரு அலைவுக்குள் வெப்பம் எவ்வளவு தூரம் ஊடுருவும் என்பது அதிர்வெண்ணைப் பொறுத்தது. 364 ஹெர்ட்ஸில் அது 0.14 மி.மீ. தாள்களுக்கு இடையில் அதைப்போல இரண்டிலிருந்து நான்கு மடங்கு இடைவெளி வேண்டும். இடையில் வைக்க 0.35 மி.மீ. தங்கூசி (நைலான் தூண்டில் நரம்பு) கச்சிதமாகப் பொருந்தும், இரண்டரை மடங்கு. காசிமேட்டுப் பக்கம் தூண்டில் சாமான் விற்கும் கடைகளில் ரோல் மேலேயே தடிமன் போட்டிருக்கும். தாளுக்கு 0.1 மி.மீ. ஓஎச்பி ஷீட். முன்பெல்லாம் 35 மி.மீ. கேமரா ஃபிலிமைப் பயன்படுத்தினார்கள்; இப்போது அதைத் தேடி அலைவதில் அர்த்தமில்லை.

35 மி.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி ஒட்டினால் மொத்தம் 4.4 மீட்டர் நீளம் வேண்டும். குழாயின் பரப்பை 0.45 மி.மீ. என்ற ஒரு சுற்றின் தடிமனால் வகுத்து வந்த கணக்கு அது. ஏ4 ஷீட் மூன்றில் முடிந்துவிடும். ஐந்து மி.மீ.க்கு ஒன்றாகத் தங்கூசித் துண்டுகளைக் குறுக்கே ஒட்ட வேண்டும், ஏறத்தாழ 880 துண்டு. ஃபெவிக்விக் வேண்டாம், அதன் ஆவி அக்ரிலிக்கைப் பனி படிந்ததுபோல் வெளுக்க வைக்கும், சொட்டு பெரிதானால் இடுக்கை அடைக்கும். ஸ்ப்ரே பசையை மெல்லியதாக அடித்து, தங்கூசியை ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டி மொத்தமாகப் பதிப்பது நல்லது. சுற்றும்போது இழுத்துச் சுற்றினால் தங்கூசிகளுக்கு நடுவே தாள் உள்ளே குழிந்து இடைவெளி சுருங்கும்.

அடைப்பிலிருந்து சுருளின் நடுப்பகுதி வரை அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கு, இங்கே சுமார் 4.8 செ.மீ. அடைப்பைப் பார்த்த முகம் சூடாகும், குழாயின் நடுவைப் பார்த்த முகம் குளிரும். அடைப்பு அலுமினியமாக இருந்து, அதன் வெளிப்புறம் காற்றோட்டத்தில் இருக்க வேண்டும். சுருளின் சூடான முகத்தோடு செம்பு வலை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தால் நல்லது. சூடு வெளியேற வழியில்லாவிட்டால் சுருள் முழுதுமே மெல்ல ஏறும். இரு முனைக்கும் வித்தியாசம் இருக்கும், ஆனால் குளிர்ந்த முனையே அறை வெப்பநிலைக்கு வந்து நிற்கும்.

சாதாரண அழுத்தக் காற்றில், சுமை இல்லாமல், இரு முகங்களுக்கும் இடையில் 10 முதல் 15 டிகிரி கிடைத்தால் கருவி நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். மோர் குளிராது.

உச்சத்தைத் தேடாமல் கட்டத்தைப் பார்ப்பது

ஒத்ததிர்வை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால் எல்லோரும் சொல்வது, அதிர்வெண்ணை மேலும் கீழும் நகர்த்தி அழுத்தம் அதிகமாகும் இடத்தில் நிறுத்து என்பது. ஒரு தடவை தேடுவதற்கு அது சரி. ஓடிக்கொண்டிருக்கும்போது பின்தொடர்வதற்கு அது மோசமான முறை, ஏனென்றால் எந்த உச்சமும் அதன் தலையில் தட்டையாகத்தான் இருக்கும். மேலே சொன்ன கருவியில் 1 ஹெர்ட்ஸ் விலகினால் அழுத்தம் குறைவது 1.3 சதவீதம். ஆம்ப்ளிஃபையர் சூடானாலே அந்த அளவு மாறும். போதாததற்கு, அழுத்தம் குறைந்தது மட்டும் தெரிகிறது. எந்தப் பக்கம் விலகினோம் என்று தெரிவதில்லை.

அதே 1 ஹெர்ட்ஸ் விலகலில் ஸ்பீக்கர் முகத்தில் உள்ள அழுத்தத்துக்கும் கூம்பின் திசைவேகத்துக்கும் இடையிலான கட்டம் (ஒரு அலைவு மற்றதைவிட எவ்வளவு முந்தி அல்லது பிந்தி நிற்கிறது என்பது; முழு அலைவு 360 டிகிரி) 9 டிகிரி நகர்கிறது. அலைகளைத் திரையில் காட்டும் மலிவான ஆஸிலோஸ்கோப்பிலேயே கண்ணுக்குத் தெரியும் அளவு இது. எந்தப் பக்கம் விலகினோம் என்பதையும் கட்டத்தின் குறியே சொல்லிவிடும். ஊஞ்சலைத் தள்ளுகிறவர் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, பலகை திரும்பும் தருணத்தைத்தான் பார்க்கிறார். ஒத்ததிர்வைப் பிடித்து வைப்பது என்றால் கட்டத்தைப் பிடித்து வைப்பது. அதிர்வெண் எங்கே போகிறதோ போகட்டும்.

ஸ்பீக்கரால் இயங்கும் வெப்ப ஒலிக் குளிர்விப்பானை 1986-ல் அமெரிக்க இயற்பியலாளர் தாமஸ் ஹோஃப்லர் செய்து காட்டினார். அந்த வழியில் வந்த கருவி ஒன்று 1992 ஜனவரியில் டிஸ்கவரி விண்கலத்தில் பறந்தது. அங்கே போய் யாரும் குமிழைத் திருகிக்கொண்டிருக்க முடியாது. கூம்பின் முடுக்கத்தையும் முகத்தின் அழுத்தத்தையும் அளந்து, இரண்டுக்கும் இடையே 90 டிகிரி இருக்கும்படி அதிர்வெண்ணை நகர்த்துவது அந்த மரபில் வந்த முறை.

நம் கருவிக்கு முடுக்கமானி சரிப்படாது. சென்னை ரிச்சி தெரு மின்னணுக் கடைகளில் எளிதில் கிடைக்கும் ஏடிஎக்ஸ்எல்335 முடுக்கமானி போர்டின் எல்லை 3 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல 3 மடங்கு. கூம்பு 364 ஹெர்ட்ஸில் அரை மி.மீ. அசைந்தாலே முடுக்கம் 260 ஜி-யைத் தாண்டும். போதாக்குறைக்கு அந்த போர்டுகளில் பொதுவாக வைக்கும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 50 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை வெட்டிவிடும்.

இதைவிட எளிய வழி இருக்கிறது. ஸ்பீக்கரின் பின்புறம் ஒரு சிறிய பெட்டியால் இறுக்கி மூடுங்கள். மூடிய பெட்டிக்குள் உள்ள காற்று சுருள்வில் மாதிரி நடந்துகொள்ளும். உள் அழுத்தம் கூம்பின் இடப்பெயர்ச்சியை அப்படியே பின்பற்றும். ஆக, பெட்டிக்குள் ஒரு அழுத்த உணரி, கூம்பின் முன்னால் உள்ள குழியில் ஒரு அழுத்த உணரி. இடப்பெயர்ச்சிக்கும் திசைவேகத்துக்கும் எப்போதும் 90 டிகிரி வித்தியாசம் இருப்பதால், முன் அழுத்தமும் பின் அழுத்தமும் 90 டிகிரி விலகி நிற்கும் இடமே ஒத்ததிர்வு.

உணரிக்கு எலெக்ட்ரெட் மைக் வேண்டாம். குழாய்க்குள் வளிமண்டல அழுத்தத்தில் 1 சதவீத அலைவு என்றாலே 151 டெசிபெல். சாதாரண மைக் அதற்கு வெகு முன்பே நுனி வெட்டுப்பட்டுச் சதுர அலையைத் தரும். பஸ்ஸரில் இருக்கும் 20 மி.மீ. பீஸோ வில்லைகள் இரண்டு போதும். இரண்டையும் ஒரே கடையில், ஒரே அட்டையிலிருந்து வாங்குங்கள். வில்லையின் கெபாசிட்டன்ஸ் 20 நானோஃபாரட் அளவில் இருந்தால், ஸ்கோப்பின் 1 மெகாஓமோடு சேர்ந்து வரும் கட்டப் பிழை ஒன்றேகால் டிகிரிதான்; இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் அதுவும் கழிந்துவிடும். ஒயர் மாற்றிப் பற்றவைத்தால் 180 டிகிரி திரும்பும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம், 90 என்பது மைனஸ் 90 ஆகும், அவ்வளவுதான். ஆனால் எது என்று ஒரு முறை தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கட்டுப்பாட்டுச் சுற்று ஒத்ததிர்வை விட்டு ஓடும்.

இரண்டு சிக்னலையும் ஸ்கோப்பில் எக்ஸ்-ஒய் முறையில் போட்டால் நீள்வட்டம் வரும். அது சாயாமல் நேராக நிற்கும்போது ஒத்ததிர்வில் இருக்கிறோம். கையால் குமிழைத் திருகி ஓட்டுகிறவர்களுக்கு இதுவே போதும், காலையிலிருந்து மாலை வரை குளிர்ச்சி விழாமல் ஓட்டலாம்.

தானாக ஓட வேண்டும் என்றால் ஈஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலர் ஒன்றும் ஏடி9833 சிக்னல் ஜெனரேட்டர் போர்டு ஒன்றும் வாங்குங்கள். 25 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் அந்தச் சிப் 0.1 ஹெர்ட்ஸ் படிகளில் நகரும், நமக்குத் தேவையைவிட நுண்மை. கட்டத்தைக் கணக்கிட ஃபூரியர் மாற்றம் மாதிரி பெரிய கணிதம் எல்லாம் தேவையில்லை. முன் அழுத்தத்தையும் பின் அழுத்தத்தையும் மாதிரிக்கு மாதிரி பெருக்கி, நூறு அலைவுகளுக்குச் சராசரி எடுங்கள். 90 டிகிரியில் அந்தச் சராசரி பூஜ்யம். விலகினால் ஒரு பக்கம் கூட்டல், மறுபக்கம் கழித்தல். இரண்டு சிக்னலின் அலைவீச்சாலும் வகுத்துவிட்டால் ஒலி அளவைக் கூட்டிக் குறைத்தாலும் எண் மாறாது. அந்த எண்ணைக் கொண்டு அதிர்வெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும்.

இங்கே பலர் வேகத்தில் தவறுகிறார்கள். அதிர்வெண்ணை மாற்றியதும் குழாய் உடனே புது நிலைக்கு வராது. கியூ 30, 364 ஹெர்ட்ஸ் என்றால் அது அடங்க எடுக்கும் கால மாறிலி 26 மில்லிவிநாடி. அதைப்போல நான்கு மடங்காவது காத்திருந்து பிறகு அளக்க வேண்டும். காத்திருக்காமல் அளந்தால் பழைய நிலையைப் பார்த்துப் புதிய திருத்தம் போடும், அதிர்வெண் இருபக்கமும் ஊசலாடும். விநாடிக்கு இரண்டு மூன்று திருத்தம் போதும். வெப்பம் அதைவிட மெதுவாகத்தான் நகர்கிறது. ஒரு திருத்தத்துக்கு அரை ஹெர்ட்ஸுக்கு மேல் நகர விடக்கூடாது.

ஈஎஸ்பி32 இரண்டு சேனலையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கும். நடுவில் 10 மைக்ரோவிநாடி தாமதம் இருந்தால் 1.3 டிகிரி பிழை. தாமதம் மாறாமல் இருந்தால் கழித்துவிடலாம். வைஃபை ஓடிக்கொண்டிருந்தால் மாறும். வைஃபையை அணைத்துவிடுங்கள்.

இன்னொரு பொறி: 728 ஹெர்ட்ஸில் அடுத்த ஒத்ததிர்வு இருக்கிறது, அங்கேயும் கட்டம் 90-ஐத் தொடும். தொடங்கும்போது குறைந்த ஒலியில் 330-லிருந்து 400 வரை ஒரு முறை துழாவி, உச்சத்தைப் பிடித்து, பிறகு பூட்டுங்கள். அந்த வரம்புக்கு வெளியே போக மென்பொருள் விடக்கூடாது. அழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே விழுந்தால் திருத்தத்தை நிறுத்திவிட்டு மறுபடி துழாவ வேண்டும். வெறும் இரைச்சலைப் பெருக்கினால் வரும் சராசரியை நம்பி ஓடும் கருவியைவிட நின்றுபோன கருவி மேல்.

மின்சுற்றே வேண்டாம் என்பவர்களுக்கு நகரும் அடைப்பு இருக்கிறது. அதிர்வெண்ணை அப்படியே விட்டுவிட்டு, 10 டிகிரி சூட்டுக்கு 8 மி.மீ. வீதம் குழாயை நீட்டினாலும் ஒத்ததிர்வு நிலைக்கும். ஸ்டெப்பர் மோட்டாரும் திருகு தண்டும் போதும். ஆனால் ஓ-ரிங் உராயும் இடத்தில் கசிவு வரும், சுருளும் அடைப்போடு சேர்ந்து நகர வேண்டும். அழகான வேலைப்பாடு, ஆனால் மின்சுற்று வழியே சிறந்தது.

ஸ்பீக்கருக்கும் சொந்தச் சுருதி உண்டு

குழாயை ஒத்ததிர்வில் வைத்தும் ஸ்பீக்கர் கொதிக்கிறது, குளிர்ச்சி இல்லை என்றால் காரணம் இங்கேதான். சாதாரண 4 அங்குல ஸ்பீக்கரின் இயல்பு அதிர்வெண் 80, 90 ஹெர்ட்ஸ். அதை 364-ல் ஓட்டும்போது காயில் (கூம்பை அசைக்கும் கம்பிச் சுற்றில்) செல்லும் கரண்டின் பெரும்பகுதி கூம்பின் எடையை முன்னும் பின்னும் அசைக்கவே செலவாகிறது. அந்த விசை காற்றுக்குப் போவதில்லை, காயில் சூடாக மாறுகிறது, அந்தச் சூடு குழிக்குள் இறங்கி ஒத்ததிர்வை இன்னும் நகர்த்துகிறது. இயல்பு அதிர்வெண்ணைக் குழாயின் அதிர்வெண்ணுக்குக் கொண்டுவந்துவிட்டால், எடையின் விசையும் சுருள்வில்லின் விசையும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். காயின் விசை முழுவதும் காற்றை அழுத்தப் போகும்.

பின்பெட்டியின் காற்றே அந்தச் சுருள்வில். ஸ்பீக்கரின் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் கொள்ளளவைப் பெட்டியின் கொள்ளளவால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால், இயல்பு அதிர்வெண் எத்தனை மடங்கு ஏறும் என்று கிடைக்கும். சமானக் கொள்ளளவு 3 லிட்டர், இயல்பு அதிர்வெண் 90 என்றால், 364-க்கு நான்கு மடங்கு வேண்டும். பெட்டி 200 மி.லி.க்குச் சுருங்க வேண்டும். ஒரு டம்ளர் அளவு. காந்தம் அடைக்கும் இடத்தைக் கழித்த பிறகு வரும் கணக்கு இது என்பதை மறக்க வேண்டாம்.

பெயர் தெரியாத ஸ்பீக்கருக்கு டேட்டாஷீட் கிடைக்காது, நாமே அளக்கலாம். ஸ்பீக்கரின் மின்மறுப்பு (இம்பிடன்ஸ்) உச்சம் தொடும் அதிர்வெண்ணை வெறும் காற்றில் பாருங்கள். கூம்பில் 3 கிராம் களிமண்ணை ஒட்டி மறுபடி பாருங்கள். 90 என்பது 70-க்கு இறங்கினால், 90-ஐ 70-ஆல் வகுத்து, வர்க்கம் எடுத்து, ஒன்றைக் கழித்து, 3 கிராமை அதனால் வகுக்க வேண்டும்: நகரும் எடை 4.6 கிராம். பிறகு அளவு தெரிந்த ஒரு பெட்டியில் பொருத்தி அதிர்வெண் எங்கே ஏறுகிறது என்று பார்த்தால் சமானக் கொள்ளளவும் கிடைத்துவிடும்.

சிறிய பெட்டியில் அழுத்தம் கடுமையாக ஏறுவதால் காகிதக் கூம்பு நெளியும். காயில் அசைவு இருக்கும், குழாய்க்கு வந்து சேராது. பாலிபுரோப்பிலீன் கூம்பு நல்லது; அல்லது கூம்பின் மேல் கடினமான நுரைத் தட்டை ஒட்டி, கூடிய எடைக்கு ஏற்பப் பெட்டியை இன்னும் சுருக்கலாம். நடுவில் உள்ள தூசி மூடி துணியாக இருந்தால் அதன் வழியே காற்று ஊடுருவும். மெல்லிய வார்னிஷ் ஒரு பூச்சு.

எல்லாவற்றையும் காற்றுப்புகாமல் மூடிய பிறகு ஒரு துளை போட வேண்டும் என்பதுதான் வேடிக்கை. குழாய்க்குள் காற்று 10 டிகிரி சூடானால் அழுத்தம் 3,300 பாஸ்கல் ஏறும். கூம்பின் பரப்பு 55 சதுர செ.மீ. என்றால் 18 நியூட்டன் விசை அதன்மேல் ஒரே பக்கமாக அழுத்துகிறது. கூம்பு பின்னால் தள்ளப்பட்டு எல்லையில் போய் முட்டிக்கொள்ளும், காய் இழையும். முன் குழியையும் பின்பெட்டியையும் மருந்து போடும் ஊசி ஒன்றால் இணைத்துவிடுங்கள். மெதுவான அழுத்த மாற்றம் அதன் வழியே சமனாகும். 364 ஹெர்ட்ஸ் அலைவுக்கு அந்த மெல்லிய துளை கிட்டத்தட்ட மூடியதற்குச் சமம்.

ஈரம்

இந்தக் கருவியைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை வறண்ட, குளிர்ந்த ஊர்களில் எழுதப்பட்டவை. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 24, 25 டிகிரியில் நிற்கிறது. 32 டிகிரி அறையில் சுருளின் குளிர்ந்த முகம் ஏழெட்டு டிகிரி இறங்கினாலே வியர்க்கத் தொடங்கும். அதற்குமேல் ஒலி கடத்தும் வெப்பத்தில் ஒரு பங்கு நீராவியைத் திரவமாக்கவே போகும். வெப்பநிலை இறங்காமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். 0.35 மி.மீ. இடுக்கில் ஒரு துளி நீர் நின்றால் அந்த வழி அடைபட்டது. கியூ விழும், அதிர்வெண் நகரும், கட்டுப்பாட்டுச் சுற்று அதையும் விசுவாசமாகத் துரத்தும். குளிர்ச்சி மட்டும் வராது.

ஈரக்காற்றில் ஒலி கொஞ்சம் வேகமாகவும் போகும். 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில் உலர்ந்த காற்றைவிட அரை சதவீதம், நமக்கு 2 ஹெர்ட்ஸ் அளவு. உலர்த்தி மூடிய கருவியில் வெப்பநிலை மாறாமலே ஒத்ததிர்வு நாளுக்கு நாள் மேலே ஊர்ந்தால், வெளிக்காற்று உள்ளே கசிகிறது என்று படிக்கலாம். இலவசமாகக் கிடைக்கும் கசிவுமானி.

பின்பெட்டியில் சிலிக்கா ஜெல் பை ஒன்றை வைத்து, முதல் நாள் இரவே மூடிவிட்டு மறுநாள் ஓட்டுங்கள். சமன்செய்யும் ஊசி வழியே முன்பக்க ஈரமும் மெல்ல இழுக்கப்படும். அவசரமென்றால் அக்வேரியம் பம்பால் உலர்காற்றைச் சில நிமிடம் சுழல விடலாம். ஜெல் அடைக்கும் இடத்தையும் பெட்டிக் கணக்கில் கழிக்க வேண்டும்.

பலூன் கடை ஹீலியம் நிரப்பினால் குளிர்ச்சி கூடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் ஒலி ஏறத்தாழ மூன்று மடங்கு வேகம். ஒத்ததிர்வு 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டும், பெட்டிக் கணக்கு, சுருள் இடைவெளி எல்லாம் மாறும். அதைவிடக் கொடுமை கசிவு. ஹீலியத்தில் 5 சதவீதம் காற்று கலந்தாலே ஒலியின் வேகம் 13 சதவீதம் அளவுக்கு விழும். ரப்பர் விளிம்பும் ஓ-ரிங்கும் உள்ள கருவியில் சுருதி மணிக்கு மணி வழுக்கிக்கொண்டே போகும்; 330 முதல் 400 என்று வைத்த வரம்பு மாதிரி எதுவும் அங்கே நிலைக்காது.

சத்தத்தைக் கூட்டினால் குளிர்ச்சி கூடாத இடம்

ஒரு அளவுக்கு மேல் ஆம்ப்ளிஃபையரைத் திருகினால் 364 அலை நொறுங்கி 728-ஆகவும் 1,092-ஆகவும் பிரியும். நேரான குழாயில் அடுத்தடுத்த ஒத்ததிர்வுகள் சரியாக முழு மடங்குகளில் இருப்பதால், பிரிந்துபோன ஆற்றலைக் குழாயே ஊட்டி வளர்க்கிறது. முன் உணரியின் சிக்னலை ஸ்கோப்பில் ஸ்பெக்ட்ரமாகப் பார்த்தால் தெரிந்துவிடும். குழாயின் வடிவத்தை மாற்றுவதுதான் மருந்து. ஹோஃப்லர் சுருள் இருக்கும் பகுதியை அகலமாகவும், மீதியை ஒடுக்கமாகவும் வைத்து, கடைசியில் ஒரு கோளத்தில் முடித்தார். மேல் ஒத்ததிர்வுகள் மடங்கிலிருந்து விலகிவிடும். கால் அலைநீளமே போதுமென்பதால் சுவர் இழப்பும் ஏறத்தாழ பாதி. ஒடுங்கிய குழாயின் விட்டம் அகன்றதைப்போல 0.54 பங்கு இருக்கும்போது இழப்பு மிகக் குறைவு என்று கணக்கு வருகிறது. 50 மி.மீ.க்கு 27 மி.மீ. கிண்டி, அம்பத்தூர் பக்கம் எந்த லேத் பட்டறையிலும் இணைப்புத் துண்டைக் கடைந்து தருவார்கள். படியாக விடாமல் சரிவாகக் கடையச் சொல்லுங்கள், படியில் காற்று சுழித்து ஆற்றலைத் தின்னும்.

சூட்டிலிருந்து ஒலி உண்டாக்கி மின்சாரம் எடுக்கும் பக்கம் போனால் கதை தலைகீழ். அங்கே அதிர்வெண்ணை நாம் கொடுப்பதில்லை, எஞ்சினே தேர்ந்தெடுக்கிறது. ஒலியை மின்சாரமாக்கும் ஆல்டர்னேட்டரின் இயல்பு அதிர்வெண் அதோடு பொருந்தாவிட்டால் ஒலி தொடங்கவே தொடங்காது, அல்லது ஆல்டர்னேட்டருக்குப் பிடிக்காத மேல் ஒத்ததிர்வுக்குத் தாவிவிடும். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பேக்ஹவுஸும் ஸ்விஃப்டும் செய்து 1999-ல் வெளியிட்ட எஞ்சின் 30 சதவீதத் திறனைத் தொட்டதற்குக் காரணம், வளையக் குழாயில் அழுத்தமும் திசைவேகமும் ஒரே கட்டத்தில் வரும்படி செய்ததுதான். அங்கேயும் பேச்சு கட்டத்தைப் பற்றியே. இன்னொரு புறம், கேஸ் டர்பைன், ராக்கெட் எரியறைகளில் இதே ஒத்ததிர்வு வராமல் தடுக்க வேண்டியிருக்கிறது. சுடர் வெளியிடும் வெப்பம் அழுத்தத்தோடு கட்டம் சேரும்போது அலைவு வளரும் என்று ஆங்கில இயற்பியலாளர் ராலே 1878-லேயே சொல்லிவிட்டார். ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் சுஜித் குழுவினர் ஆய்வது அந்தப் பக்கத்தை.

கட்டுப்பாட்டுச் சுற்று உண்மையிலேயே பயன் தருகிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. சுருளின் இரு முகத்திலும் கே வகைத் தெர்மோகப்பிள் ஒன்று வீதம் வைத்து, ஒயரைக் குழாய்ச் சுவரில் தொடாமல் வெளியே எடுங்கள். கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபையர் ஓடும்போது தெர்மோகப்பிளைப் படிக்கும் மேக்ஸ்6675 போர்டின் எண் குதித்தால், ஆம்ப்ளிஃபையரை ஒரு கணம் நிறுத்திப் படிக்க வைக்க வேண்டும். ஒரு நாள் தொடக்க அதிர்வெண்ணைப் பூட்டிவிட்டு அரை மணி நேரம் ஓட்டுங்கள். மறுநாள், அறை அதே வெப்பநிலைக்கு வந்த பிறகு, அதே வோல்டேஜில் கட்டத்தைப் பூட்டி அரை மணி நேரம். வோல்டேஜோடு கரண்டையும் குறித்து வையுங்கள்: கட்டம் பூட்டிய ஓட்டத்தில் குளிர்ச்சி கூடி, அதே விகிதத்தில் உள்ளே போகும் வாட்டும் கூடியிருந்தால், ஆதாயம் ஒத்ததிர்விலிருந்து வரவில்லை, ஆம்ப்ளிஃபையரிலிருந்து வருகிறது, பின்பெட்டியின் அளவை மறுபடி பார்க்க வேண்டும். குழாயைத் திறக்கும் முன் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிடுங்கள். 151 டெசிபெல் உள்ளே இருக்கும்வரைதான் அது சாதுவான கருவி. காதடைப்பு இல்லாமல் பக்கத்தில் நிற்கக் கூடாது.